மேசைக் கணிப்பொறிச் செயலியும் ஒர்க்ஸ்டேஷன் செயலியும்

கணிப்பொறி வாங்க முனைவோர் பலர், செயலியில் உள்ள கோர்களை எண்ணுவதோடும் அதன் வேகத்தைக் கேட்டறிவதோடும் திருப்தியடைந்து விடுகின்றனர். கோர் என்பது செயலிக்குள் தனித்து இயங்கவல்ல கணக்கிடும் பகுதியாகும். கோர்கள் மிகுந்தால் ஒரே சமயத்தில் பல வேலைகள் நடைபெறும் என்பது உண்மையே. ஆயினும், ஒரே எண்ணிக்கையில் கோர்களும் ஒரே வேகமும் உடைய இரு செயலிகள் விலையில் பெரிதும் வேறுபடுவதுண்டு. அவ்வேறுபாட்டின் காரணத்தை அறிந்தவரே பணத்தை வீணாக்காமல் தெரிவு செய்ய இயலும்.

2023ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட இரு செயலிகளை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். திரெட்ரிப்பர் 7980எக்ஸ் என்பது ஆர்வலர்களின் உயர்தர மேசைக் கணிப்பொறிக்கு உரியது. திரெட்ரிப்பர் புரோ 7985டபிள்யு.எக்ஸ் என்பது தொழில் வல்லுநரின் ஒர்க்ஸ்டேஷனுக்கு உரியது. இரண்டிலும் கோர்கள் 64. அடிப்படை வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ், வெப்ப அளவு 350 வாட். ஆனால் வெளியீட்டின்போது முன்னதன் விலை ஏறத்தாழ 5,000 டாலர். பின்னதன் விலை ஏறத்தாழ 7,350 டாலர்.

விலை வேறுபாட்டின் முக்கியக் காரணம் கோர்களில் இல்லை. கோர்களுக்குத் தரவு வந்து சேரும் வழிகளில் உள்ளது. ஓர் ஆலையில் அரவை இயந்திரங்கள் எத்தனை இருப்பினும், நெல் வரும் வாயில் குறுகலாயின் அவை சும்மா சுழல நேரிடும். செயலிக்கு நெல் வரும் வாயில் நினைவகத் தடமாகும். 7980எக்ஸில் இத்தடங்கள் 4; 7985டபிள்யு.எக்ஸில் 8. டி.டி.ஆர்.5-5200 வகை நினைவகம் வினாடிக்கு 520 கோடி முறை தரவை மாற்றுகிறது; ஒரு தடத்தில் ஒவ்வொரு முறையும் 8 பைட்டுகள் செல்கின்றன. ஆகவே ஒரு தடத்தின் கொள்ளளவு வினாடிக்கு 41.6 கிகாபைட். நான்கு தடங்களுக்கு 166.4; எட்டுக்கு 332.8. இதனை 64 கோர்களுக்குப் பங்கிட்டால், ஒவ்வொன்றுக்கும் முறையே 2.6, 5.2 கிகாபைட் கிடைக்கும். பொருத்தக்கூடிய நினைவகத்தின் உச்ச அளவும் ஒரு டெராபைட்டிலிருந்து இரண்டாக உயர்கிறது. கிராபிக்ஸ் கார்டு முதலியவற்றை இணைக்கும் ஐந்தாம் தலைமுறைப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் தடங்கள் முன்னதில் 48, பின்னதில் 128.

பிழை திருத்தும் நினைவகம் மற்றொரு வேறுபாடாகக் கூறப்படுவதுண்டு. நினைவகத்தில் ஒரு பிட் தானே மாறிவிடின், கூடுதல் பிட்டுகளின் துணையால் அதனைக் கண்டு திருத்தும் முறை இது. இன்டெல் நிறுவனத்தின் கோர்-எக்ஸ் வரிசையில் இவ்வசதி இல்லை. சீயான்-டபிள்யு வரிசையில் உண்டு. மேற்கூறிய இரு திரெட்ரிப்பர்களிலும் இது உள்ளது. ஆகவே பெயரை மட்டும் நோக்கி முடிவு செய்தல் தவறாகும்.

இவ்வேறுபாட்டின் நடைமுறைப் பயனை அந்தமானில் வைத்து ஆராய்வோம். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் நகரில், விமான நிலையம் அமைந்துள்ள பகுதி லம்பா லைன். அங்கு இருவர் கணிப்பொறி வாங்க விரும்புவதாகக் கொள்வோம். ஒருவர் படத்தொகுப்பாளர். அவரது வேலை ஒவ்வொரு படச்சட்டமாகப் பிரிந்து நடைபெறும். தரவின் பெரும்பகுதி செயலியின் உள்நினைவிலேயே திரும்பத் திரும்பப் பயன்படும். நான்கு தடங்கள் அவருக்குப் பெரும்பாலும் போதும்.

மற்றவர், 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய கடற்கரையில் வெள்ளம் எதுவரை ஏறும் என்று கணக்கிடும் ஆய்வாளர். கடலையும் கரையையும் இலட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பகுத்து, நொடிதோறும் ஒவ்வொரு கட்டத்தின் நீர்மட்டத்தையும் நினைவகத்திலிருந்து எடுத்து மீண்டும் எழுதவேண்டும். இங்குக் கணக்கு எளிது. தரவின் போக்குவரத்தே மிகுதி. எட்டுத் தடங்களுக்குச் செலுத்தும் விலை இவருக்கு வீண் ஆகாது. தவறான ஒரு பிட் தாழ்வான குடியிருப்பொன்றைப் பாதுகாப்பானதாகக் காட்டிவிடக் கூடுமாதலால், பிழை திருத்தும் நினைவகமும் இவருக்கு இன்றியமையாதது.

தீவின் நிலைமைகளையும் கருதவேண்டும். 350 வாட் செயலி முழுச்சுமையுடன் பத்து மணி நேரம் இயங்கினால் 3.5 யூனிட் மின்சாரம் செலவாகும். குளிரூட்டும் செலவு தனி. பெரும்பகுதி மின்சாரம் டீசலால் உற்பத்தியாகும் இடத்தில் இது சிறிதன்று. உப்புக் காற்றும் ஈரமும் விசிறிகளையும் இணைப்புகளையும் அரிக்கும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர் கடல் கடந்து மாற்று உறுப்பு வரும்வரை வேலை நின்றுவிடும். ஆதலின் விலையுயர்ந்த ஓர் இயந்திரத்தைவிட, ஒன்றுக்கொன்று உதவும் எளிய இரு இயந்திரங்கள் சிலருக்கு நலம் பயக்கும். 2020 ஆகஸ்டு 10 அன்று சென்னை–அந்தமான் கடலடி ஒளியிழைக் கம்பி தொடங்கிவைக்கப்பட்டதால், பெருங்கணக்குகளை நிலப்பகுதிக் கணிப்பொறிகளுக்கு அனுப்பிப் பெறுவதும் முன்னிலும் எளிதாகியுள்ளது.

எனவே வாங்குமுன், கையிலுள்ள கணிப்பொறியில் தமது வேலையையே ஓட்டிப் பார்ப்பது நன்று. வேலையின்போது கோர்கள் அனைத்தும் முழுதும் உழைக்கின்றனவா, நினைவகம் எவ்வளவு நிரம்புகிறது, பாதிக் கோர்களை நிறுத்தியும் வேலை ஏறக்குறைய அதே நேரத்தில் முடிகிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். பாதிக் கோர்களால் காலம் நீளவில்லையெனில், தடை பெரும்பாலும் தரவு வரும் வழியில் உள்ளது. ஒர்க்ஸ்டேஷன் செயலி அங்குப் பயன்தரும். காலம் இருமடங்காயின், கோர்களே போதாமை. மேசைக் கணிப்பொறிச் செயலியே சிக்கனமானது.