நீலக்கோடு இழுத்தால் போதுமா?

ஐபோன் செயலி எழுதப் பழகுகிறவர்கள் சீக்கிரமே சந்திக்கும் பிழை ஒன்று உண்டு. எக்ஸ்கோடில் திரையை வடிவமைத்தாயிற்று, நிரலும் எழுதியாயிற்று, ‘பில்டு சக்ஸீடட்’ என்றும் வந்துவிட்டது. ஆனால் சிமுலேட்டரில் செயலி திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது. கன்சோலில் ‘திஸ் கிளாஸ் இஸ் நாட் கீ வேல்யூ கோடிங்-கம்ப்ளையன்ட் ஃபார் தி கீ நேம்லேபிள்’ என்று ஒரு வரி. இதைக் காட்டி உதவி கேட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அவற்றில் பல இந்தப் பிழைக்கானவையே அல்ல. பழகுகிறவர்கள் நல்ல திரைகளை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதற்கு அதுவே காரணம் என்பதால், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவது நல்லது.

நம்பிக்கை: கன்ட்ரோல் விசையை அழுத்தி இழுக்கிற நீலக்கோடு, லேபிளையும் நிரலையும் நேரடியாகப் பிணைத்துவிடுகிறது.

மற்ற தவறான எண்ணங்கள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. ஸ்டோரிபோர்டு பார்ப்பதற்குப் படம்போல் இருந்தாலும் உள்ளே அது எக்ஸ்எம்எல் எழுத்துக் கோப்பு. கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ‘ஓபன் ஆஸ்’, பிறகு ‘சோர்ஸ் கோட்’ என்று தேர்ந்தெடுங்கள். திரைக்குரிய பகுதியில் ‘கனெக்‌ஷன்ஸ்’ என்ற தொகுதியும், அதற்குள் ‘அவுட்லெட்’ என்று தொடங்கும் ஒரு வரியும் இருக்கும். அந்த வரியில் ‘ப்ராப்பர்ட்டி’ என்ற இடத்தில் நேம்லேபிள் என்ற பெயர். ‘டெஸ்டினேஷன்’ என்ற இடத்தில் லேபிளின் அடையாளக் குறி. நீங்கள் இழுத்த கோடு இவ்வளவுதான். ஒரு பெயர் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது.

செயலி ஓடும்போது, திரை ஏற்றப்படும் நேரத்தில்தான் அந்தப் பெயரைக் கொண்டு கிளாஸுக்குள் தேடல் நடக்கிறது. அந்தப் பெயரில் இடம் இருந்தால் லேபிள் அதில் வைக்கப்படும். இல்லாவிட்டால் செயலி அங்கேயே நின்றுவிடும். கீ-வேல்யூ கோடிங் என்பது இந்த முறைதான். ஸ்விஃப்ட் கம்பைலர் ஸ்டோரிபோர்டைப் படிப்பதே இல்லை. ஆகவே பில்டு வெற்றி பெற்றதை வைத்து இணைப்பு சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

இது யாரோ அவசரத்தில் விட்ட ஓட்டை அல்ல. இன்டர்ஃபேஸ் பில்டருக்கு அடித்தளமிட்டவர் பிரெஞ்சுக்காரரான ழான்-மாரி ஹ்யுலோ. 1980களின் பிற்பகுதியில் அது நெக்ஸ்ட் கணினிகளோடு வந்தது. ஓடும்போதே பெயரைத் தேடிக்கொள்வது அங்கே பயன்பட்ட ஆப்ஜெக்டிவ்-சி மொழியின் இயல்பு. ஸ்டோரிபோர்டு 2011இல்தான் வந்தது. பெரும்பாலானவற்றை முன்கூட்டியே சரிபார்க்கும் ஸ்விஃப்ட் 2014இல். ஸ்விஃப்டின் கண்டிப்புக்குப் பழகியவர்கள் அதே கண்டிப்பை ஸ்டோரிபோர்டிலும் எதிர்பார்ப்பது இயற்கை. அது அங்கே இல்லை.

நம்பிக்கை: வேரியபிளின் பெயரை மாற்றினால் எக்ஸ்கோட் பார்த்துக்கொள்ளும்.

‘ரீஃபாக்டர்’ பட்டியலில் உள்ள ‘ரீநேம்’ வழியாக மாற்றினால் ஸ்டோரிபோர்டிலும் மாறும். கையால் அழித்து எழுதினால் மாறாது. பழைய பெயர் அங்கேயே கிடக்கும். திரையின் மேலே உள்ள மஞ்சள் ஐகானில் வலது கிளிக் செய்தால் இணைப்புகள் எல்லாம் வரிசையாகத் தெரியும். செத்துப்போன இணைப்பின் அருகே மஞ்சள் எச்சரிக்கை முக்கோணம் இருக்கும். அதன் பெருக்கல் குறியை அழுத்தி நீக்கிவிட்டு மறுபடி இழுத்தால் போதும். லேபிளையே அழித்துப் புதிதாக வைத்தாலும் பிழை போய்விடும்தான்; கூடவே அதற்கான ஆட்டோ லேஅவுட் கட்டுப்பாடுகளும் போய்விடும்.

பெயர் அப்படியே இருந்து, முன்னால் இருக்கிற ‘ஐபிஅவுட்லெட்’ குறியை மட்டும் எடுத்துவிட்டாலும் இதே பிழைதான் வரும். ஸ்விஃப்டில் அது அலங்காரம் அல்ல. அந்த வேரியபிளை ஆப்ஜெக்டிவ்-சி பக்கத்துக்குத் தெரியப்படுத்துவதே அதுதான்.

நம்பிக்கை: எக்ஸ்கோட் தனக்காகச் சேமித்துவைக்கும் டிரைவ்டு டேட்டாவை அழித்தால் எல்லாம் சரியாகிவிடும்.

கோடு இழுக்கும்போதே ‘குட் நாட் இன்ஸர்ட் நியூ அவுட்லெட் கனெக்‌ஷன்’ என்று எக்ஸ்கோட் மறுத்தால், கிளாஸ் பெயரும் சரியாக இருந்தால், அழித்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. எக்ஸ்கோட் தன் குறிப்பேட்டைத் திரும்ப உருவாக்கிக்கொள்ளும். ஆனால் செயலி ஓடும்போது வருகிற கீ-வேல்யூ பிழையில், தவறான பெயர் உங்கள் ஸ்டோரிபோர்டுக்குள்ளேயே இருக்கிறது. எத்தனை முறை ‘கிளீன்’ செய்தாலும் அது அழியாது.

நம்பிக்கை: பிழைச் செய்தியில் கடைசிப் பெயரை மட்டும் பார்த்தால் போதும்.

பலர் தவறவிடுவது இங்கேதான். செய்தியின் தொடக்கத்தில் கூர் அடைப்புக்குள் இன்னொரு பெயர் இருக்கும். அங்கே உங்கள் ப்ராஜெக்ட் பெயரும், புள்ளி வைத்து உங்கள் கிளாஸ் பெயரும் இருந்தால், கிளாஸ் கிடைத்துவிட்டது, அவுட்லெட் பெயர்தான் தவறு என்று பொருள். அதற்குப் பதில் வெறும் ‘யுஐவியூகன்ட்ரோலர்’ என்று இருந்தால் கதை வேறு. ஸ்டோரிபோர்டு உங்கள் கிளாஸைக் கண்டுபிடிக்கவே இல்லை. பொதுவான கிளாஸை வைத்து ஒப்பேற்றப் பார்த்திருக்கிறது. அதனிடம் நேம்லேபிள் எப்படி இருக்கும்? கன்சோலில் சற்று மேலே ‘அன்நோன் கிளாஸ்’ என்ற வரியும் பெரும்பாலும் இருக்கும். ஐடென்டிட்டி இன்ஸ்பெக்டருக்குப் போய் கிளாஸ் பெயரையும் மாட்யூல் பெயரையும் பாருங்கள். ப்ராஜெக்டின் பெயரை மாற்றியபின் பழைய மாட்யூல் பெயர் தங்கிவிடுவது சகஜம். ‘இன்ஹெரிட் மாட்யூல் ஃப்ரம் டார்கெட்’ பெட்டியில் டிக் அடித்தால் தீர்ந்தது.

நம்பிக்கை: அவுட்லெட் ‘நில்’ என்று வந்தால், ஆச்சரியக்குறியைக் கேள்விக்குறியாக்கிவிட வேண்டும்.

செயலி விழாது, உண்மைதான். லேபிளும் காலியாகவே இருக்கும். பிழை போகவில்லை, வாயடைக்கப்பட்டிருக்கிறது. இந்த யோசனையைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள்.

‘நில்’ வரக் காரணங்கள் சிலவே. கோடு இழுக்கவே இல்லை என்பது ஒன்று. ஸ்டோரிபோர்டைக் கேட்காமல், கிளாஸ் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டுத் திரையை நேரடியாக உருவாக்கியது இன்னொன்று. அப்படிப் பிறந்த திரைக்கு ஸ்டோரிபோர்டில் இழுத்த எந்தக் கோடும் தெரியாது. மூன்றாவது, அவசரம். அடுத்த திரைக்குப் போகுமுன் ‘பிரிப்பேர்’ ஃபங்ஷனிலேயே அந்தத் திரையின் லேபிளில் எழுதப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் லேபிள் பிறந்திருக்காது. லேபிளில் வரவேண்டிய எழுத்தை ஒரு சாதாரண வேரியபிளில் கொடுத்தனுப்பி, ‘வியூடிட்லோடு’ வந்தபின் லேபிளில் வைப்பதே முறை.

நம்பிக்கை: ‘வீக்’ என்று இருப்பதால்தான் அவுட்லெட் காணாமல் போகிறது.

பெரும்பாலும் இல்லை. திரையில் இருக்கும்வரை லேபிளை அதன் தாய் வியூ பிடித்துவைத்திருக்கும். விதிவிலக்கு, கான்ஸ்ட்ரெய்ன்டுக்கான அவுட்லெட். அதைச் செயலிழக்கச் செய்ததும் வியூ அதை விட்டுவிடும். ‘வீக்’ ஆக இருந்தால் திரும்ப இயக்கப் போகும்போது அது இருக்காது. அங்கே ‘வீக்’ சொல்லை எடுத்துவிட வேண்டும்.

நம்பிக்கை: திரை ஒழுங்காகத் திறந்துவிட்டால் இணைப்புகள் எல்லாம் சரி.

பட்டனுக்கான ஆக்‌ஷன் இணைப்பு, திரை திறக்கும்போது சோதிக்கப்படுவதில்லை. ஃபங்ஷனின் பெயரை மாற்றிவிட்டு மறந்திருந்தால், பட்டனைத் தொடும்போதுதான் ‘அன்ரெகக்னைஸ்டு செலக்டர்’ என்று செயலி விழும். தொடுபவர் உங்கள் பயனராகவும் இருக்கலாம். பட்டனை நகலெடுத்து ஒட்டும்போது பழைய ஆக்‌ஷனும் கூடவே வருவது இன்னொரு சங்கடம். புதிய ஆக்‌ஷனையும் இணைத்தால் ஒரு தொடுதலில் இரண்டும் ஓடும்: ‘சேமி’ பட்டனை நகலெடுத்து ‘அழி’ பட்டன் செய்திருந்தால், சேமித்தலும் அழித்தலும் சேர்ந்தே நடக்கும். கனெக்‌ஷன்ஸ் இன்ஸ்பெக்டரில் இரண்டும் அடுத்தடுத்துத் தெரியும், வேண்டாததை நீக்கிவிடலாம்.

திரைகள் பத்தைத் தாண்டிவிட்டால் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு யூனிட் டெஸ்டில் திரையை ஸ்டோரிபோர்டிலிருந்து எடுத்து, ‘லோடுவியூஇஃப்நீடட்’ என்று அழைத்து, அவுட்லெட் ஒவ்வொன்றும் ‘நில்’ அல்ல என்று உறுதிசெய்யும் சில வரிகளை எழுதிவையுங்கள். பழைய அவுட்லெட் பெயர் எங்கே தங்கியிருந்தாலும் அந்த டெஸ்ட் உங்கள் மேசையிலேயே விழுந்துவிடும்.