வீட்டுத் தோட்டத்தில் முல்லை: தைக் கவாத்தின் அவசியம்

செவ்வாப்பேட்டை, திருவள்ளூர் பகுதிகளில் கிணற்றடியிலும் கொல்லையிலும் முல்லைக் கொடி படர விட்டிருப்பதைப் பல வீடுகளில் காணலாம். ஆனால் பந்தல் நிறையக் கொடி இருந்தும் பூ கைப்பிடி அளவு கூடத் தேறவில்லை என்ற குறை பலருக்கு உண்டு. உரிய காலத்தில் கவாத்து செய்யாததே இதற்கு முக்கிய காரணமாகும். முல்லை புதுத் தளிர்களில்தான் பூக்கும். பழைய கொடி பெருகப் பெருகப் பூ குறையும்.

இரகங்கள்

கோ 1, கோ 2, பரிமுல்லை ஆகியவை நல்ல இரகங்கள். பூக்கள் பச்சையாகி இலை போல் மாறும் நோய் கண்ட கொடியிலிருந்து பதியன் எடுக்கக் கூடாது. அந்நோய் பதியன் வழியே புதுச் செடிக்கும் வந்துவிடும்.

நடவு

வெயில் நன்கு படும் மேட்டுப்பாங்கான இடமே ஏற்றது. இப்பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பெய்வதால் வேரடியில் நீர் தேங்காமல் வடிகால் அமைக்க வேண்டும். நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 45 செ.மீ. உள்ள குழி எடுத்து, மேல்மண்ணுடன் 10 கிலோ தொழு உரம் கலந்து நிரப்பி, ஜூன், ஜூலை மாதங்களில் வேர்விட்ட பதியனை நடலாம். செடிக்குச் செடி ஒன்றரை மீட்டர் இடைவெளி தேவை.

கவாத்து

பொங்கல் கழிந்து, ஜனவரி கடைசி வாரத்தில் கவாத்து செய்ய வேண்டும். அதற்குச் சில நாட்கள் முன்பே நீர் பாய்ச்சுவதை நிறுத்தி விடவும். பிறகு தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் கொடிகளைக் கூரிய கத்தரியால் வெட்டவும். காய்ந்த, நோயுற்ற கிளைகளை அடியோடு நீக்கவும். பந்தல் வெறுமையாகி விடுமே என்று அஞ்ச வேண்டாம். துளிர்க்கும் தளிர்கள் விரைவில் படர்ந்து, கோடையில் பூக்கத் தொடங்கும்.

குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரமும், ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரமும் கவாத்துக் காலங்கள் என்பதை நினைவில் கொள்ளவும்.

உரமிடுதல்

கவாத்து செய்தவுடன் செடி ஒன்றுக்கு 10 கிலோ தொழு உரத்துடன் யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், மியூரேட் ஆப் பொட்டாஷ் 100 கிராம் இடவும். இரசாயன உரங்களை மட்டும் இதே அளவில் ஜூன், ஜூலையில் மீண்டும் ஒருமுறை இட்டு, மண்ணைக் கிளறி நீர் பாய்ச்சவும்.

பயிர் பாதுகாப்பு

மொக்குப்புழு துளைத்த மொக்குகளைப் பறித்து அழிக்கவும். 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டித் தெளிக்கலாம். செஞ்சிலந்தி தென்பட்டால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்கவும். மருந்து தெளிக்கும் முன்பே பறிக்கும் பருவ மொக்குகளைப் பறித்துவிட வேண்டும்.

பறித்தல்

நன்கு முதிர்ந்த, விரியாத மொக்குகளை அதிகாலையில் பறித்தால் மாலையில்தான் மலரும். நான்கைந்து செடிகள் உள்ள வீட்டில் பூசைக்கும் தலைக்கும் போக எஞ்சுவதைச் சரமாகத் தொடுத்து விற்றுச் சிறு வருவாயும் பெறலாம். எனவே, வரும் தை மாதம் கத்தரியை எடுக்கத் தயங்க வேண்டாம்.