வெட்ட வேண்டாத கிளையையும் எழுதிக் கொடு

அன்புள்ள மாப்பிள்ளை,

80 அடி ரோட்டு வீட்டில் மரம் வெட்டுகிற வேலை வேறொருவர் கைக்குப் போய்விட்டதாக அக்கா போனில் சொன்னாள். அவர் உன்னைவிடக் குறைத்துக் கேட்டார், அதனால்தான் போயிற்று என்று நினைக்கிறாயாம். இனி எல்லோரையும்விடக் குறைத்துக் கேட்பது என்று நீ முடிவு கட்டிவிடக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கே.கே. நகரில் உன்னைக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் பயத்தில்தான் கூப்பிடுகிறார்கள். சித்திரையில் கோடை மழையோடு காற்று சுழற்றி அடித்த மறுநாள் போன் வரும். ஐப்பசி மழைக்கு முன்னால் வரும். மாடிப் பக்கம் சாய்ந்த வேம்பு, கார் நிற்கும் இடத்தில் மட்டை விழும் தென்னை என்று ஆளுக்கொரு கவலை. அந்தப் பயத்தைக் காசாக்க நிறைய பேர் இருக்கிறார்கள். பயத்தைத் தீர்த்து வைக்கிறவனைத்தான் அடுத்த வீட்டுக்காரரும் கூப்பிடுவார்.

அதனால் போனிலேயே ரேட் சொல்லாதே. நேரில் போய் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வா. தூரில் காளான் பூத்திருக்கிறதா, கவட்டில் வெடிப்பு விட்டிருக்கிறதா, ஒரு பக்கம் மண் தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார். அரிவாளின் பின்பக்கத்தால் அடிமரத்தைத் தட்டு. உள்ளே பொந்து இருந்தால் சத்தமே காட்டிக் கொடுக்கும். வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி, நீ பார்த்ததை அவருக்கும் காட்டு.

மழைக்காலத்தில் வேப்பமரம் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வருவதை நீயே பார்த்திருப்பாய். தேயிலைக் கொசு என்கிற பூச்சியும் ஒரு பூஞ்சையும் சேர்ந்து செய்கிற வேலை அது. மரம் செத்துவிட்டது என்று பயந்து வெட்டச் சொல்வார்கள். அவற்றில் பெரும்பாலானவை வெயில் ஏறியதும் மறுபடி துளிர்த்துவிடும். "பங்குனி வரை பொறுங்கள், காய்ந்த நுனியை மட்டும் கழித்துவிடலாம்" என்று சொல். அன்றைக்கு வருமானம் குறையும். ஆனால் அந்தத் தெருவில் உன் சொல்லுக்கு மதிப்பு வந்துவிடும்.

"மொட்டை அடிச்சு விட்ருங்க" என்பார்கள். செய்யாதே. மொட்டையடித்த இடத்தில் கொத்தாகக் கிளம்புகிற சிம்புகளுக்குப் பிடிமானம் மேலோட்டமாகத்தான் இருக்கும். பருத்த பிறகு காற்றில் முதலில் முறிவது அவைதான். அமெரிக்க மர ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்ன உண்மை ஒன்று உண்டு. நம் தோல் போல மரத்தின் காயம் ஆறுவதில்லை. அழுகலைச் சுற்றி அரண் கட்டி அடைத்துவிட்டு மரம் மேலே வளர்கிறது. கிளை கிளம்பும் இடத்தில் இருக்கிற புடைப்பு அந்தக் காப்புக்கானது. அதைச் சீவிவிடாமல் அதற்கு வெளியே அறு. கனத்த கிளைக்கு முதலில் அடியில் ஒரு வெட்டு, சற்றுத் தள்ளி மேலிருந்து ஒரு வெட்டு, கடைசியாக மிச்சக் கட்டை. அப்போதுதான் பட்டை உரியாது. ஏன் இப்படி அறுக்கிறாய் என்பதையும் வீட்டுக்காரருக்குச் சொல்.

கொட்டேஷனில் 'மரம் வெட்டக் கூலி' என்று ஒற்றை வரி போடாதே. எந்தக் கிளை போகும், எது நிற்கும், எத்தனை ஆள், எத்தனை நாள், குப்பையைக் குட்டி யானையில் ஏற்றுவது யார், சன்ஷேடு உடைந்தால் யார் பொறுப்பு, எல்லாவற்றையும் எழுது. மின்கம்பி பக்கத்தில் போனால், மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகே ஆள் ஏறுவார் என்று எழுது. முக்கியமாக, கட்டை யாருக்கு என்று எழுது. சும்மா வெட்டித் தருகிறேன் என்று வருகிறவரின் கண் வேப்பங்கட்டையில் இருக்கிறது. கட்டைக்கு விலை இருப்பதால் தேவைக்கு மேல் வெட்டுவார். நீ கட்டையின் மதிப்பைக் கூலியில் கழித்துக் காட்டு. தொகை எப்படி வந்தது என்று கண்ணால் பார்த்தவர் பேரம் பேசுவது குறையும்.

வாசலுக்கு வெளியே தெருவில் நிற்கும் மரத்துக்கு ரேட்டே சொல்லாதே. அரசு நிலத்து மரங்களுக்காக 2021ல் மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழு அமைத்திருக்கிறார்கள். அனுமதி கையில் வரட்டும், பிறகு பேசலாம்.

உன்னோடு ஏறுகிற பையன்களுக்கு வங்கியில் சொல்லி சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு போட்டுவிடு. வருடத்துக்கு 20 ரூபாய்தான். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். தென்னை ஏறுகிறவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா காப்பீடும் உண்டு, விசாரி. கயிறு, ஹெல்மெட், காப்பீடு எல்லாவற்றின் செலவும் உன் தொகைக்குள் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுக் குறைத்துக் கேட்டால், அந்தக் குறைவை மரத்தின் மேல் நிற்கிறவன்தான் சுமக்கிறான்.

அடுத்து யார் கூப்பிட்டாலும், இந்த மாதிரி ஒரு தாள் எழுதிக் கொடுத்துவிட்டு வா. அப்படியும் சில வேலை கைநழுவும். அதற்காகத் தொகையைக் குறைக்காதே. ஐப்பசி மழைக்கு முன்னால், இதுவரை வேலை செய்த வீடுகளுக்கெல்லாம் போய், காசு வாங்காமல் மரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு வா.

அன்புடன்,
உன் மாமா