'பெ' என்ற எழுத்துக்குக் கணினியில் எத்தனை எண்?



இறுதியாண்டு பிராஜெக்டுக்கு நானும் என் நண்பர்கள் இருவரும் எடுத்துக்கொண்டது ஓர் எல்.இ.டி. பலகை. ஆடி மாதத்தில் பவானி அம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்துக்குப் பேருந்தின் நெற்றியில் "பெரியபாளையம்" என்று தமிழில் ஓட வேண்டும். இதில் என்ன கஷ்டம் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

முதல் முறை சுவிட்சைப் போட்டதும் ஆயா பார்த்துவிட்டு, "இன்னாடா இது, பல்லு போன கெயவி படிக்கிறாப்ல இருக்கு?" என்றார். உண்மைதான். 'ப' முதலில் வந்தது. அதன் கொம்பு பின்னால் போய் 'ரி'யோடு ஒட்டிக்கொண்டது. 'ளை'யின் கொம்போ அடுத்த 'ய'வைப் பிடித்துக்கொண்டு "பாளயைம்" ஆகிவிட்டது! 'ம்'மின் புள்ளி தனியாக ஒரு கட்டத்தில் மின்னியது. ரெவ்யூவுக்கு மிச்சம் மூன்றே நாள்.

ஒயரிங்கை நான்கு முறை சோதித்தோம். தவறு அங்கே இல்லை. யூனிகோடில் 'பெ' என்பது ஓர் எண் அல்ல, இரண்டு எண். 'ப' 2986, ஒற்றைக்கொம்பு 3014. நாம் எழுதும்போது கொம்பை முதலில் போடுகிறோம். நினைவகத்திலோ உச்சரிப்பு வரிசைதான், மெய் முன்னே, உயிர்க்குறி பின்னே. செல்போனில் இதைத் திருப்பிப் போடும் வேலையை எழுத்துருவும் அதற்கான மென்பொருளும் செய்துவிடுகின்றன. எங்கள் மைக்ரோகண்ட்ரோலருக்கு அது ஏது? வந்த வரிசையில் அப்படியே வரைந்து வைத்தது.

இந்த முறை 1988-ல் வந்த இஸ்கி என்ற இந்தியக் குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு வந்தது. 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. ஆனால் எல்லா மொழிக்கும் இப்படித்தான் செய்தார்கள் என்று எண்ண வேண்டாம். எத்தியோப்பிய எழுத்தைப் பாருங்கள். அங்கும் நம் உயிர்மெய் போலவே மெய்யெழுத்தின் வடிவம் உயிருக்கேற்ப மாறும். 1999-ல் யூனிகோடில் சேர்த்தபோது ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி எண் கொடுத்தார்கள்: 'ஹ' 4608, 'ஹு' 4609, 'ஹி' 4610 என்று வரிசையாகப் போகும். அந்த மொழியில் பலகை செய்பவனுக்குக் கொம்புத் தொல்லையே கிடையாது!

நமக்கும் அப்படி வேண்டும் என்ற குரல் பழையது. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு டேஸ்-16 என்ற முறையையும் தரமாக ஏற்றது. அதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண். கணக்குப் போட்டுப் பாருங்கள்: "பெரியபாளையம்" நம் கண்ணுக்கு 7 எழுத்து. டேஸ்-16-ல் 7 எண், 14 பைட். யூனிகோடில் 12 எண். இணையத்தில் வழங்கும் யு.டி.எப்-8 வடிவில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 36. ஆனாலும் கையில் உள்ள போன் எல்லாம் பேசுவது யூனிகோடுதான். ஆகவே சண்டை போடாமல் அதற்கே புரோகிராம் எழுதினோம்.

எழுதியது சின்ன விஷயம்தான். வரும் எண் 3014, 3015, 3016-ல் ஒன்றானால் அதை முந்தைய மெய்க்கு முன்னே தள்ளு. 3018 முதல் 3020 வரை வந்தால் ('கொ', 'கோ', 'கௌ' போன்றவை) இரண்டாகப் பிளந்து மெய்யின் இருபுறமும் வை. புள்ளியானால் புதுக் கட்டத்துக்குப் போகாமல் முந்தைய எழுத்தின் தலையில் போடு. இன்னொன்றையும் கவனியுங்கள்: 'கௌ'வும், 'கெ'யை அடுத்து 'ள' போட்டதும் பார்க்க ஒன்று போலிருக்கும், எண் வேறு. தட்டச்சில் ஏமாந்தால் தேடும்போது பெயர் கிடைக்காது.

ரெவ்யூ அன்று ஊர்ப் பெயர் அழகாக ஓடியது. வெளித்தேர்வாளர் சும்மா இருப்பாரா? "எங்கே, 'க்ஷேத்திரம்'னு போடுப்பா" என்றார். கொம்பு 'க்'கையும் தாண்டி முன்னே நிற்க வேண்டும். எங்கள் புரோகிராமோ ஓர் எழுத்துதான் தாண்டும். கொம்பு நடுவில் நின்று விழித்தது, நாங்களும் விழித்தோம். அன்றிரவே அந்தக் கூட்டெழுத்துக்குத் தனி வரி ஒன்று சேர்த்தோம். ஆயா படித்துப் பார்த்து, "இப்போ சரி" என்றார்.