ஓடுபாதையின் ஓரத்தில் நிற்கலாமா?

ஆகாய விமானம் தலைக்கு மேலே செல்லும்போது அண்ணாந்து பார்க்காதவர் யார்? காலைப் பெரட்டு முடிந்து பால்வெட்டுக்குச் சென்றவர்களும், நிரைக்கு நடுவே ஒரு கணம் கத்தியை நிறுத்திவிட்டு வானத்தை நோக்குவதுண்டு. பால்மரக் கிளைகளுக்கு இடையே வெள்ளிக்கோடாகத் தெரியும் அந்த விமானத்தை அருகில் சென்று பார்க்கவேண்டும் என்ற ஆவல் பிள்ளைகளுக்கு எழுவது இயல்பே. ஜொகூர் மாநிலத்துத் தோட்டங்களிலிருந்து பள்ளி விடுமுறையில் சிங்கப்பூருக்குச் செல்லும் குடும்பத்தார், சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனை வணங்கி, தேக்காவில் சாமான்கள் வாங்கிக்கொண்டு, மாலையில் சாங்கிப் பக்கம் விமானம் பார்க்கச் செல்லலாம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. எவ்விடத்தில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பற்றியதே இப்பாடம்.

முதலில், உலகறிந்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவோம். கரீபியன் கடலில் சிண்ட் மார்ட்டன் என்றொரு தீவு உண்டு. அங்குள்ள விமான நிலையத்தின் ஓடுபாதை மாஹோ என்னும் கடற்கரையின் ஓரத்திலேயே தொடங்குகிறது. ஓடுபாதைக்கும் மணலுக்கும் இடையே ஒரு குறுகிய சாலையும் ஒரு கம்பி வேலியுமே உள்ளன. புறப்படும் விமானத்தின் பின்காற்றை முகத்தில் வாங்குவதற்கென்றே உல்லாசப் பயணிகள் அவ்வேலியைப் பற்றிக்கொண்டு நிற்பது வழக்கமாகிவிட்டது. இது அபாயம் என்று எழுதிய அறிவிப்புப் பலகைகள் அங்கேயே நிற்கின்றன. 2017ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், நியூசிலாந்திலிருந்து வந்திருந்த 57 வயது மாது ஒருவரும் அவ்வாறே வேலியைப் பிடித்து நின்றார். புறப்பட்ட விமானத்தின் காற்று அவரைப் பிடுங்கி எறிந்தது. காங்கிரீட்டில் தலை மோதி அவர் உயிரிழந்தார். அந்த விமானமோ நடுத்தர அளவுள்ள போயிங் 737தான்.

காற்றுக்கு இத்தனை வலிமை எங்கிருந்து வருகிறது? ஜெட் இயந்திரம் முன்பக்கத்தில் காற்றை இழுத்து, அதை அழுத்தி, எண்ணெயோடு எரித்துப் பின்பக்கம் வேகமாகத் தள்ளுகிறது. பின்னே தள்ளும் விசையினால் விமானம் முன்னே செல்கிறது. தொலைதூரப் பயணத்துக்கு உதவும் போயிங் 777-300இஆர் விமானத்தின் ஒவ்வோர் இயந்திரமும் ஏறத்தாழ 52 டன் விசையை உண்டாக்கும். அத்தகைய இயந்திரங்கள் இரண்டு அதில் உள்ளன. பெருங்காற்றில் பால்மரங்கள் முறிந்து விழுந்த மறுநாள் காட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அக்காற்றைக் காட்டிலும் வேகமானதும், வெப்பமானதுமான காற்று இயந்திரத்தின் பின்னால் நூற்றுக்கணக்கான அடி தூரம் பாய்கிறது. மணலையும் கல்லையும் அது சேர்த்தே எறியும். கைப்பிடி உறுதியாக இருந்தால் போதும் என்று எண்ணுவது வீண்.

புறப்படும் விமானத்தின் பின்னால்தானே ஆபத்து, இறங்கும் விமானத்துக்கு முன்னால் நிற்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். அதற்கும் கணக்கு உண்டு. சாதாரணமாக விமானம் 3 பாகைச் சரிவில் இறங்குகிறது. ஓடுபாதையின் தொடக்கத்தைக் கடக்கும்போது அதன் உயரம் சுமார் 50 அடி. நம் தோட்டத்து முதிர்ந்த பால்மரம் அதைவிட உயரம்! ஓடுபாதைக்கு முன் 300 மீட்டர் தொலைவிலும் அது ஏறக்குறைய 100 அடி உயரத்தில்தான் வருகிறது. வேகமோ மணிக்கு 250 கிலோமீட்டர் அளவில் இருக்கும். அந்த 300 மீட்டரைக் கடக்க அதற்கு நான்கு விநாடிக்குச் சற்று அதிகமாகும். விமானி கணக்கில் சிறிது தவறினாலும், கீழே நிற்பவர் ஓடித் தப்ப நேரம் கிடையாது.

அத்தகைய தவறு சிங்கப்பூரிலேயே நேர்ந்ததுண்டு. சாங்கிக்கும் பாய லேபாருக்கும் முன்னர், 1937 முதல் 1955 வரை சிங்கப்பூரின் விமான நிலையம் காலாங்கில் இருந்தது. அதன் பழைய கட்டடம் இன்றும் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. பக்கத்துச் சாலைக்குப் பழைய விமான நிலையச் சாலை என்றே பெயர். 1954ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள், சிட்னியிலிருந்து லண்டனுக்குச் செல்லும் வழியில் ஜாக்கர்த்தாவிலிருந்து வந்த பிரிட்டிஷ் கான்ஸ்டெலேஷன் விமானம் ஒன்று அங்கே இறங்க முயன்றது. ஓடுபாதையைத் தொடுவதற்குச் சற்று முன்னரே தாழ்ந்து, அதன் முனையில் இருந்த கரைச்சுவரில் சக்கரங்கள் மோதின. விமானம் கவிழ்ந்து தீப்பற்றியது. அதிலிருந்த 40 பேரில் 33 பேர் மாண்டனர். பயணிகள் 31 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. நெடுநேரம் பணியில் இருந்த விமானியின் களைப்பும், மீட்புப் பணியின் குறைபாடுகளும் விசாரணையில் பேசப்பட்டன. ஓடுபாதையின் முனை எப்படிப்பட்ட இடம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மறுமுனையும் அவ்வாறே. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், கேரளத்தின் கோழிக்கோட்டில் மழைக்கிடையே இறங்கிய விமானம் ஓடுபாதையின் எல்லையைத் தாண்டிச் சென்று பள்ளத்தில் விழுந்து பிளந்தது. 21 பேர் இறந்தனர். ஓடுபாதையின் இரு முனைகளிலும் வெறும் நிலத்தை விட்டுவைப்பது இதற்காகவே. அந்நிலம் வீணாகக் கிடக்கவில்லை.

இங்கே நம் தொழிலைச் சேர்ந்த செய்தி ஒன்றையும் சொல்லிவிடலாம். விமானச் சக்கரத்தின் டயர்கள் பெரும்பகுதி இயற்கை ரப்பரால் செய்யப்படுகின்றன. செயற்கை ரப்பர் எவ்வளவோ முன்னேறிய பின்னும், அந்தச் சூட்டையும் அதிர்ச்சியையும் தாங்க மரத்துப் பால்தான் வேண்டியிருக்கிறது. இறங்கும்வரை சக்கரம் சுழல்வதில்லை. தரையைத் தொட்ட கணத்தில் திடீரென்று சுழலத் தொடங்குவதால் ரப்பர் தேய்ந்து புகை எழும்புகிறது. அவ்வாறு படியும் ரப்பர் மழையில் வழுக்கும் என்பதால், ஓடுபாதையை வேகமான நீர்ப் பாய்ச்சலால் அவ்வப்போது கழுவுகிறார்கள். நாம் வாளியில் சேர்த்த பால் அங்கே கரும்பட்டையாகக் கிடக்கிறது என்று எண்ணும்போது ஒருவித பெருமையும் வருகிறது! ஆயினும் டயர் வெடித்தால் அதன் துண்டுகள் பெருவேகத்தில் சிதறும் என்பதை மறக்கலாகாது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகளும் உள. விமானம் கடந்து சென்ற பின், இறக்கைகளின் நுனியிலிருந்து எழும் சுழற்காற்று மெல்லத் தரைக்கு இறங்குகிறது. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் அருகிலுள்ள வீடுகளில் இச்சுழற்காற்று கூரை ஓடுகளைப் பெயர்த்தெறிந்ததுண்டு. ஓசையும் அப்படியே. நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கத்தக்க எல்லை 85 டெசிபல் என்பர். புறப்படும் ஜெட் விமானத்தின் மிக அருகில் ஓசை 120 டெசிபலையும் தாண்டும். தந்தையின் தோளில் அமர்ந்திருக்கும் சிறு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அழுதால், அதைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்யவேண்டாம். அதன் செவி உண்மையையே சொல்கிறது.

வேலியோரத்தில் நிற்பவருக்கு மட்டுமா ஆபத்து? அவரால் விமானத்துக்கும் ஆபத்து நேரலாம். 2000ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் பாரிஸில் கான்கார்டு விமானம் எரிந்து விழுந்து, அதிலிருந்த 109 பேரும் தரையிலிருந்த 4 பேரும் மாண்டனர். முன்னே சென்ற விமானத்திலிருந்து உதிர்ந்து ஓடுபாதையில் கிடந்த, ஒன்றரை அடி நீளங்கூட இல்லாத உலோகத் துண்டு டயரைக் கிழித்ததே அதன் தொடக்கம். ஆகவே கல் எறிவதும், காலிப் புட்டியையும் பிளாஸ்டிக் பையையும் காற்றில் விடுவதும் விளையாட்டல்ல. சோற்றுப் பொட்டலத்தின் மிச்சத்தைப் போட்டால் பறவைகள் கூடும். அவை இயந்திரத்துக்குள் இழுக்கப்படலாம். 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சாங்கியின் அருகே டிரோன்கள் காணப்பட்டதால் ஓர் ஓடுபாதை இடையிடையே மூடப்பட்டு, 37 விமானங்கள் தாமதமாயின. சிங்கப்பூரில் விமானத்தளத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றி டிரோன் பறக்கவிடுவது குற்றம். பட்டத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. வேலி தாண்டி உள்ளே நுழைவதைப் பற்றிக் கூறவே வேண்டியதில்லை. சாங்கியில் இராணுவ விமானத்தளமும் இருப்பதால், தடை அறிவிப்பு உள்ள இடத்தில் படம் எடுக்கவும் கூடாது.

அப்படியானால் எங்கே நின்று பார்ப்பது? சாங்கி நிலையத்தின் முனையங்களில் பார்வையாளருக்கென்றே கண்ணாடிக் கூடங்கள் உள்ளன. திறந்த வெளியை விரும்புவோர் சாங்கி கடற்கரைப் பூங்காவில் பாய் விரித்து அமரலாம். ஓடுபாதைக்கும் பூங்காவுக்கும் இடையே வேண்டிய தூரம் உள்ளது. ஆயினும் சக்கரங்கள் நன்றாகத் தெரியும் உயரத்தில் விமானங்கள் வருகின்றன. செல்லும் மாதத்தைக் கவனித்துக்கொள்க. விமானம் காற்றை எதிர்த்தே ஏறும், இறங்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை விமானங்கள் பெரும்பாலும் வடக்கிலிருந்து, இப்பூங்காவின் பக்கமாகவே இறங்குகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் அவை தென்கடலின் மீது வந்து இறங்கி, வடக்கு நோக்கிப் புறப்படும். ஆகவே, பால்மரம் இலையுதிர்க்கும் பிப்ரவரியில் செல்பவர்கள் அப்பூங்காவில் காண்பது பெரும்பாலும் ஏறிச் செல்லும் விமானங்களையே.