மான் காவலுக்கு எந்தப் பரண்?

காலையில் தோட்டத்துக்குப் போனால் கடலைச் செடியின் கொழுந்து வரிசை வரிசையாகக் கறிக்கப்பட்டிருக்கும். ஈரமண்ணில் இரட்டைக் குளம்பு பதிந்திருக்கும். அவிநாசியை அடுத்த புதுப்பாளையம் பக்கத்தில், கௌசிகா நதிப் படுகையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. குருடிமலைப் பக்கம் தொடங்கி நொய்யலில் சேரும் அந்த ஆற்றோரப் புதர்களில் புள்ளிமான்கள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. பனியன் கம்பெனிகள் நெருங்கிய இந்த மண்ணில் மான் பிழைத்திருப்பது பெருமைதான். விதைத்தவரின் கடலையும் வீடு வந்து சேர வேண்டும். இரண்டுக்கும் இடம் கொடுக்கும் பழைய ஏற்பாடு பரண்.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 மான் வேட்டையைத் தடை செய்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு புள்ளிமான் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. துப்பாக்கி மட்டுமல்ல, சுருக்குக் கம்பி வைப்பதும் வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவதும் குற்றமே. அந்த மின்சாரம் அதிகாலையில் தண்ணீர் கட்டப் போகும் மனிதரையும் கொல்லும்.

வேட்டைக்காரன் பரண் ஏறியது மறைந்திருக்க. காவல்காரர் ஏறுவது தன்னைக் காட்டிக்கொள்ள. சங்கப் பாடல்களின் தினைப்புனக் காவல் இந்த இரண்டாவது வகை: இதணம் என்ற பரணில் ஏறி நின்று, தட்டை, குளிர் என்ற கருவிகளை ஒலித்துக் கிளி ஓட்டினார்கள். இந்த வேறுபாடு மனதில் இருந்தால் எந்தப் பரண், எந்த மூலை என்ற கேள்விகளுக்கு விடை எளிது.

மரப் பரண்

வரப்போரத்தில் முதிர்ந்த புளியமரமோ வேம்போ இருந்தால் செலவு குறைவு. நிழலும் உண்டு. புளியங்கிளை வளைந்து தாங்கும். முருங்கையை நம்பவே வேண்டாம், திடீரென்று முறியும். இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்டினால் காற்றில் மரங்கள் ஆளுக்கொரு பக்கம் ஆடிக் கட்டு தளரும். ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டுங்கள். பட்டை வெட்டுப்படாமல் இருக்க ஆண்டுக்கொரு முறை அவிழ்த்துக் கட்டுங்கள். இதன் குறை ஒன்றுதான்: மரம் இருக்கும் இடத்தில்தான் பரண் இருக்கும், மான் வேறு மூலையில் நுழையும்.

சவுக்குக் கம்புப் பரண்

நான்கு கால், நடுவில் குறுக்குக் கட்டை, மேலே மூங்கில் தட்டி, தென்னங்கீற்றுக் கூரை. மான் நுழையும் தடத்துக்கு எதிரிலேயே நடலாம். தரையிலிருந்து 8 முதல் 10 அடி உயரம் போதும். அதற்கு மேல் போனால் ஏறி இறங்குவதுதான் கஷ்டம். கால்களை 2 அடிக்குக் குறையாமல் புதைத்து, புதையும் பகுதிக்குத் தார் பூசுங்கள். இல்லையென்றால் கரையான் அரிப்பது வெளியே தெரியாது. விதைப்புக்கு முன் ஒவ்வொரு காலையும் ஆட்டிப் பார்த்த பிறகே ஏறுங்கள்.

இரும்புக் குழாய்ப் பரண்

உள்ளூர் வெல்டிங் பட்டறையில் போல்ட் வைத்துக் கழற்றி மாட்டும்படி செய்துகொள்ளலாம். கடலைக்கு ஒரு மூலை, அடுத்த போகத்தில் சோளத்துக்கு இன்னொரு மூலை என்று மாற்றலாம். பல ஆண்டு உழைக்கும். செலவு அதிகம். கரிசல் மண்ணில் மழைக்குப் பின் கால் இறங்கும் என்பதால் ஒவ்வொரு காலுக்கும் அடியில் அகலத் தகடு வேண்டும். மின்கம்பிக்கு அருகில் இதை நகர்த்தவே கூடாது. கோடை மழையில் இடி கேட்டதும் எந்தப் பரணிலிருந்தும் இறங்கிவிட வேண்டும்.

எந்த மூலையில்?

மானுக்கு மூக்கு கூர்மை. காவல் பரணில் காற்று உங்கள் முதுகில் பட்டு மான் வரும் திசைக்குப் போக வேண்டும். வாசனை தெரிந்தே பாதி மான்கள் திரும்பிவிடும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வீசும். கார்த்திகையில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். ஒரு போகத்துக்குப் பொருந்திய மூலை மறு போகத்துக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். காற்று எதிராக இருந்தால் நுழைவிடத்துக்கு நெருக்கமாகப் பரணை வைத்து, தகரம் தட்டும் ஓசையையும் டார்ச் வெளிச்சத்தையும் நம்புங்கள். பிள்ளைகளுக்கு மான் காட்ட மட்டும் ஏறுவதானால் எல்லாம் தலைகீழ்: காற்று முகத்தில் பட வேண்டும், பேச்சு கூடாது.

இரவு முழுக்க விழிக்கத் தேவையில்லை. அந்தி சாய்ந்த முதல் சில மணி நேரமும் விடிவதற்கு முந்தைய நேரமும்தான் முக்கியம். நாயை அவிழ்த்து விடாதீர்கள். துரத்தப்படும் மான் கிணற்றில் விழும், சாலையில் அடிபடும். தனியே கிடக்கும் குட்டியைத் தூக்காதீர்கள். தாய் பக்கத்தில்தான் இருக்கும். அடிபட்ட மானைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பரணா, வேலியா?

காவலுக்கு ஆள் இல்லாத வீட்டுக்குப் பரண் உதவாது. கம்பெனி ஷிப்டுக்குப் போகிறவர் ராத்திரி விழித்திருக்கவும் முடியாது. அவர்களுக்கு வேலிதான். கொங்கு நாட்டுக் கிளுவை வேலி அடர ஆண்டுகள் ஆகும், அடர்ந்தபின் செலவில்லை. கம்பி வேலியோ வலையோ போட்டால் உயரத்தைவிட அடிப்பகுதியைக் கவனியுங்கள். புள்ளிமான் தாண்டக்கூடியதுதான் என்றாலும் அடியில் நுழையவே அதிகம் பார்க்கும். வலை தளர்ந்து தொங்கினால் கொம்பு சிக்கும். சூரிய மின்வேலி போடுவதென்றால் மின்வேலிக்கான 2023 தமிழ்நாடு விதிகளை வனத்துறையிடமும், மானியத்தை வேளாண்மைப் பொறியியல் துறையிடமும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

யாருக்கு எது?

வரப்பில் நல்ல மரமும் ஒரே நுழைவிடமும் இருந்தால் மரப் பரண். ஓரிரு போகத்துக்கு மட்டும் காவல் என்றால் சவுக்குக் கம்பு. பயிரும் மூலையும் மாறிக்கொண்டே இருந்தால் இரும்பு. ஆள் இல்லையென்றால் வேலி. ஒரு ஏக்கருக்குள் நிலமும் நடுவில் சாளை வீடும் இருந்தால் இவை எதுவும் வேண்டாம். வாசலில் கயிற்றுக் கட்டிலும் ஒரு தகர டின்னும் போதும். எதைத் தேர்ந்தாலும், மான் வந்த வழியே ஆற்றுக்குத் திரும்ப ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். போக வழியில்லாமல் மிரண்ட மான், தின்றதைவிட அதிகமாக மிதித்துவிடும்.