நம்பிக்கைகளும் உண்மைகளும்: சிறந்த விக்கெட் கீப்பர் யார்?

இந்தியாவின் தலைசிறந்த விக்கெட் கீப்பர் யார் என்று கேட்டால், நம்மூரில் பத்துக்கு ஒன்பது பேர் யோசிக்காமல் தோனி என்பார்கள். அந்தப் பதிலோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களோடுதான் சண்டை. தவறான அளவுகோலை வைத்து அளந்தால், தோனியின் உண்மையான பெருமையும் தெரியாமல் போகும். கிர்மானி, மோரே, சாஹா போன்றவர்கள் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர்கள் என்பதும் தெரியாமல் போகும். இந்த விவாதத்தில் அடிக்கடி காதில் விழும் ஆறு நம்பிக்கைகளைச் சரிபார்த்துவிடலாம்.

நம்பிக்கை 1: அதிகம் பேரை ஆட்டமிழக்கச் செய்தவரே சிறந்த கீப்பர்.

உண்மை: இரண்டு பேரின் டெஸ்ட் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோனி 90 ஆட்டங்களில் 294 பேரை வெளியேற்றினார்: 256 கேட்ச், 38 ஸ்டம்பிங். சையது கிர்மானி 88 ஆட்டங்களில் 198 பேர்: 160 கேட்ச், 38 ஸ்டம்பிங். ஆடிய ஆட்டங்கள் ஏறக்குறைய சமம். ஸ்டம்பிங் அச்சு அசலாகச் சமம். 96 பேர் வித்தியாசம் முழுவதும் கேட்ச்சில் வந்தது.

கிர்மானிக்குக் கை ஓட்டையா? இல்லை. அவர் 1976-ல் அறிமுகமானபோது இந்தியாவின் பந்துவீச்சு என்றால் பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் ஆகிய நால்வர்தான். சுழற்பந்தில் மட்டையின் உள்விளிம்பிலும் கால்காப்பிலும் பட்டு எழும் பந்து ஷார்ட் லெக்குக்குப் போகும். ஏக்நாத் சோல்கர் 27 டெஸ்டுகளில் 53 கேட்ச் பிடித்தது அந்த இடத்தில் நின்றதால்தான். பின்னால் கபில் தேவ் வந்தார். ஆனால் மறுமுனையில் அவருக்கு ஈடான வேகம் நெடுநாள் கிடைக்கவில்லை. தோனிக்கோ ஜாகீர் கான், இஷாந்த் சர்மா என்று வேகப்பந்து வீச ஒரு வரிசையே இருந்தது. கீப்பருக்கு எட்ஜ் வர வேண்டுமென்றால் அதை உண்டாக்க ஆள் வேண்டும்.

வாய்ப்பு வந்தபோது கிர்மானி என்ன செய்தார் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1976-ல் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில், தன் இரண்டாவது டெஸ்டிலேயே, ஒரே இன்னிங்ஸில் 6 பேரை வெளியேற்றி அன்றைய உலக சாதனையைச் சமன் செய்தார். பந்து வளைந்து எகிறிய அந்த ஆட்டத்தில் மதன் லாலும் மொகிந்தர் அமர்நாத்தும் மிதவேகத்தில் விக்கெட்டுகளைக் குவித்தார்கள். அதே கைகள்தான், பந்துவீச்சு மாறியதும் கணக்கும் மாறியது.

சாதனைகளையும் இப்படித்தான் படிக்க வேண்டும். 2018 ஜனவரியில் கேப் டவுனில் விருத்திமான் சாஹா ஒரே டெஸ்டில் 10 பேரை வெளியேற்றினார். அதே ஆண்டு டிசம்பரில் அடிலெய்டில் ரிஷப் பந்த் 11 பேரை வெளியேற்றி உலக சாதனையைச் சமன் செய்தார். இரண்டுமே முழுக்க கேட்ச். இரண்டும் வெளிநாட்டில் நம் வேகப்பந்துக்காரர்கள் பொழிந்து தள்ளிய ஆட்டங்கள். 1988 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நடந்ததோ வேறு கதை. நரேந்திர ஹிர்வானி அறிமுக ஆட்டத்திலேயே 16 விக்கெட் எடுத்த அந்த டெஸ்டில், இறங்கி இறங்கி அடிக்கப் பார்த்த வெஸ்ட் இண்டீஸ் பேட்ஸ்மேன்களில் கிரண் மோரே 6 பேரை ஸ்டம்பிங் செய்தார். அதில் 5 ஒரே இன்னிங்ஸில். அந்த இரண்டு சாதனைகளையும் இன்றுவரை யாரும் தாண்டவில்லை. 11 என்பது 6-ஐவிடப் பெரிய எண் என்பதால் எது கடினம் என்று முடிவுகட்ட முடியாது.

நியாயமாக ஒப்பிட ஒரு வழி உண்டு. அதே ஆட்டத்தில் எதிரணி கீப்பர் எப்படிச் செய்தார் என்று பாருங்கள். இருவருக்கும் ஆடுகளம் ஒன்றே, வெயிலும் ஒன்றே. காலம் கடந்து இரண்டு பேரை மோதவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

நம்பிக்கை 2: பை ரன் குறைவாக விடுபவரே சுத்தமான கீப்பர்.

உண்மை: பாதி உண்மை. 1981-82-ல் இங்கிலாந்துக்கு எதிராகக் கிர்மானி தொடர்ந்து 3 டெஸ்டுகளில் ஒரு பை கூட விடாமல் நின்றார். அது அபாரமான உழைப்பு. ஆனால் எல்லா பையும் கீப்பரின் பிழை அல்ல. ஐந்தாம் நாள், பந்துவீச்சாளர்களின் கால் பட்டுப் பெயர்ந்த மண்ணில் விழுந்து லெக் சைடில் தோளுக்கு மேல் எகிறும் பந்தை யாராலும் எப்போதும் நிறுத்த முடியாது. சந்திரசேகர் லெக் ஸ்பின்னை ஏறக்குறைய மிதவேகத்தில் வீசுவார். அவருடைய கூக்ளி பேட்ஸ்மேனை ஏமாற்றும் அதே நொடியில் கீப்பரையும் ஏமாற்றக்கூடியது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மிதவேகப் பந்துக்கு ஸ்டம்பிலிருந்து தள்ளி நின்றால் பை குறையும். ஆனால் பேட்ஸ்மேன் அச்சமில்லாமல் கிரீஸை விட்டு வெளியே நின்று ஆடுவார். ஒட்டி நின்றால் ஒன்றிரண்டு பை போகலாம். பேட்ஸ்மேனின் கால் கிரீஸுக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும். அந்தத் துணிச்சலுக்குக் கொடுக்கும் விலையை ஸ்கோர் கார்டு குற்றமாகவே எழுதிவைக்கிறது. கீப்பர் தவறவிட்ட கேட்ச்சையும் ஸ்டம்பிங்கையுமோ அது எழுதுவதே இல்லை.

நம்பிக்கை 3: பேட்டிங் தெரிந்த கீப்பர்கள் தோனியிலிருந்துதான் தொடங்கினார்கள்.

உண்மை: இதற்குச் சென்னை ரசிகர்களே சாட்சி சொல்லலாம். 1964 ஜனவரியில் சென்னை நேரு விளையாட்டரங்கில் புதி குந்தரன் இங்கிலாந்துக்கு எதிராக 192 ரன் குவித்தார். தொடக்க ஆட்டக்காரராக இறங்கி, அந்தத் தொடரில் மட்டும் 525 ரன். 1967 ஜனவரியில் சேப்பாக்கத்தில் ஃபரூக் இன்ஜினியர் வெஸ்ட் இண்டீஸின் வேகப்பந்தை எதிர்கொண்டு, முதல் நாள் உணவு இடைவேளைக்கு முன்பே 94 ரன் எடுத்துவிட்டு, 109-ல் ஆட்டமிழந்தார். 1996-ல் டெல்லியில் நயன் மோங்கியா ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 152 அடித்தார். 2013-ல் சேப்பாக்கத்தில் தோனி அடித்த 224 இந்த நீண்ட வரிசையின் உச்சி, தொடக்கம் அல்ல.

இதன் மறுபக்கமும் பழையதுதான். 1950-களில் அறிமுகமான நரேன் தாம்ஹனே 21 டெஸ்டுகளில் 51 பேரை வெளியேற்றினார். அவருடைய பேட்டிங் சராசரி பத்தைச் சற்றே தாண்டியது. கை நல்லதா, மட்டை நல்லதா என்று தேர்வாளர்கள் அன்றே தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். இன்ஜினியர் இருந்தவரை கிர்மானி 1971, 1974 இங்கிலாந்துப் பயணங்களில் மாற்று கீப்பராகவே போய் வந்தார்.

நம்பிக்கை 4: தோனியின் முறை பாடத்துக்குப் புறம்பானது, வேகம் மட்டும் பிறவி வரம்.

உண்மை: அவர் முறைக்குப் பின்னால் தெளிவான கணக்கு இருக்கிறது. ஸ்டம்புக்கும் கிரீஸுக்கும் நடுவே உள்ள தூரம் 4 அடி. பின்னங்கால் அரை அங்குலம் எழும்பியிருந்தாலும், கோட்டின் மேலேயே இருந்தாலும், பேட்ஸ்மேன் அவுட். கீப்பருக்குக் கிடைப்பது கண் இமைக்கும் நேரம். வழக்கமான பயிற்சியில், பந்து வரும்போது கையைப் பின்னால் இழுத்து அதன் வேகத்தை உள்வாங்கு, பிறகு ஸ்டம்புக்குக் கொண்டுபோ என்பார்கள். பின்னால் போய் முன்னால் வருவதற்குள் கால் தரைக்குத் திரும்பிவிடும். தோனி கையைப் பின்னால் இழுப்பதே அரிது. ஸ்டம்பை நோக்கி நகரும் கையிலேயே பந்தை வாங்குவார். பந்து கிளவுஸில் எங்கே விழும் என்பதில் முழு உறுதி இல்லாதவர் இதைச் செய்தால் பந்து தெறித்து ஓடும். சர்வதேச ஆட்டங்களில் 195 ஸ்டம்பிங் செய்த ஒரே கீப்பர் அவர்.

2013 சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டம், பர்மிங்காம். அஸ்வின் வீசிய பந்து லெக் சைடில் விலகிப் போகிறது. இங்கிலாந்தின் ஜோனதன் டிராட் அதை எட்டி ஆடப் பார்க்கிறார். பின்னங்கால் ஒரு கணம் நழுவுகிறது. பந்து பேட்ஸ்மேனின் உடலுக்குப் பின்னால் மறைந்து வரும் அந்த லெக் சைடு ஸ்டம்பிங்தான் கீப்பருக்குக் கடினமானது. தோனி அதை ஒரே அசைவில் முடித்தார். இந்தியா வென்றது 5 ரன் வித்தியாசத்தில்.

அவரிடம் குறையே இல்லை என்பதும் மிகைதான். டெஸ்டில் தனக்கும் முதல் ஸ்லிப்புக்கும் நடுவே போன எட்ஜ்களுக்கு அவர் பல முறை பாயாமல் நின்றார் என்ற விமர்சனம் நியாயமானது.

நம்பிக்கை 5: தாவித் தாவிப் பிடிப்பவரே திறமைசாலி.

உண்மை: தாவல் சில நேரம் திறமை, சில நேரம் கால் தாமதமாக நகர்ந்ததற்கான பரிகாரம். முன்கூட்டியே இரண்டடி நகர்ந்து இடுப்புயரத்தில் சாதாரணமாகப் பிடித்தவரின் கேட்ச் மறுஒளிபரப்பில் வராது. உண்மையான தாவல் எது என்று பார்க்க 2017-ல் புனேயில் சாஹா பிடித்ததைப் பாருங்கள். உமேஷ் யாதவின் பந்து ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஓ'கீஃபின் மட்டை விளிம்பில் பட்டு முதல் ஸ்லிப் பக்கம் போகிறது. சாஹா வலப்பக்கம் உடல் முழுவதையும் நீட்டி ஒற்றைக் கையில் பிடித்தார். எவ்வளவு சரியாகக் கால் வைத்திருந்தாலும் பாயாமல் அந்தப் பந்தை எட்ட முடியாது. 1983 உலகக் கோப்பை இறுதியில் மிதவேகப் பந்துவீச்சாளர் சந்துவின் பந்தில் வெஸ்ட் இண்டீஸின் ஃபவுத் பாக்கஸைப் பிடிக்கக் கிர்மானி பாய்ந்ததும் அந்த ரகம். அந்தத் தொடரின் சிறந்த கீப்பர் விருது அவருக்கே கிடைத்தது.

நம்பிக்கை 6: பந்த் அடிப்பார், ஆனால் ஸ்பின்னுக்கு நிற்கத் தெரியாது.

உண்மை: தொடக்க காலத்தில் அந்தக் குறை இருந்தது, அதனால்தான் உள்நாட்டில் சாஹாவையும் வெளிநாட்டில் பந்தையும் அணி சில காலம் மாற்றி மாற்றி இறக்கியது. ஆனால் கீப்பிங் கற்றுத் தேரக்கூடிய வித்தை. 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தின் புழுதி பறந்த ஆடுகளத்தில் இங்கிலாந்தின் டான் லாரன்ஸ் அஸ்வினை இறங்கி அடிக்க வந்தார். பந்து அவர் கால்களுக்கு நடுவே புகுந்தது. கடைசி வரை கண்ணில் படாத அந்தப் பந்தை வாங்கி, பாய்ந்து பெயில்ஸைத் தட்டினார் பந்த். தொடக்க கால மதிப்பீட்டை இன்னும் சுமந்துகொண்டு அவரை எடைபோடுவது அநியாயம்.

அப்படியானால் எப்படி மதிப்பிடுவது? மூன்று கேள்விகள் போதும். எப்படிப்பட்ட பந்துவீச்சுக்கு, எங்கே நின்று செய்தார்? தவறவிட்டது எத்தனை, எந்தக் கட்டத்தில்? மட்டை கொடுத்த ரன், கை விட்ட வாய்ப்பை ஈடுகட்டியதா?

இந்தக் கேள்விகளோடு என் தீர்ப்பு இது. பந்து திரும்பும் ஆடுகளத்தில் டெஸ்டின் ஐந்தாம் நாள் என்றால் கிர்மானி, அடுத்து சாஹா. வெள்ளைப் பந்து ஆட்டம் என்றால் தோனிக்கு இணை இல்லை. வெளிநாட்டு டெஸ்டில் ஆட்டத்தையே புரட்டிப்போட வேண்டுமென்றால் பந்த். இன்ஜினியரும் மோரேயும் இல்லாத முதல் ஆறு பேர் பட்டியலை நான் ஏற்கமாட்டேன். எல்லாவற்றையும் கூட்டி ஒரே பெயர் சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் நானும் தோனி என்பேன்: 294 என்ற எண்ணுக்காக அல்ல, ஸ்டம்பை நோக்கி நகரும் கையில் பந்தை வாங்கிய அந்த உறுதிக்காக.